இருபத்தெட்டாவது படி

எங்கள் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் திரையின் இடது ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். மேலே செல்லோடேப், கீழே செல்லோடேப், நடுவில் கோப்பிக் கறை. அதில் நீல மையில், குண்டு குண்டான எழுத்தில், ஒன்று முதல் இருபத்தேழு வரை எண் போட்டு மலாயில் எழுதியிருக்கும். ஒன்று: எல்லாரிடமும் கோப்புகளை வாங்கு. இரண்டு: இன்னும் யாராவது எதையாவது திருத்திக்கொண்டிருக்கிறார்களா என்று சத்தமாகக் கேள். இப்படியே இறங்கி இறங்கிப் போய் இருபத்தேழாவதில், ‘பக்கத்தைத் திற, கண்ணால் பார், அப்புறம் மூச்சு விடு’ என்று முடியும்.

அந்தக் காகிதத்துக்குச் சொந்தக்காரி எங்களுடைய காக். மலாயில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். காஜா பெராங் பகுதியில் செட்டி குடும்பம், அதாவது தலைமுறை தலைமுறையாக மலாயே பேசுகிற பழைய இந்து வம்சம். ஆபீசிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்தே நாலு நிமிஷம். நெற்றியில் விபூதி இருக்கும், தலையில் பூ இருக்கும், கோயில் திருவிழா என்றால் முதல் ஆளாக நிற்பார். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். நான் அம்மாவோடு போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டு, “உன் வாய்க்குள்ள கோலி உருளுது டிக்” என்பார். டிக் என்றால் தங்கச்சி. அவர் பேசியதை எல்லாம் இங்கே என் தமிழில்தான் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. நான் அவசரப்படும்போதெல்லாம் என் மணிக்கட்டைத் தொட்டு அவர் சொல்கிற “துங்கு டுலு, டிக்.” கொஞ்சம் இரு, தங்கச்சி. அவ்வளவுதான் அர்த்தம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது எனக்கு அது தேவைப்பட்டது.

ஆபீஸ் கடைவீட்டு மேல்மாடி. கீழே மிளகாய் மாவு மில். அவர்கள் அரைக்க ஆரம்பித்தால் நாங்கள் தும்ம ஆரம்பிப்போம். எங்கள் தவுக்கே, அதுதான் முதலாளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “மூளைக்கு நல்லது, தூக்கம் வராது” என்பார். அவரும் எங்களோடு உட்கார்ந்து ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவர்தான். மொத்தமே ஐந்து நாற்காலி.

எங்களுக்குப் பெரிய வாடிக்கை பத்து பெரெண்டாம் என்கிற இடத்தில் இருக்கும் ஒரு மின்னணுச் சாமான் ஃபேக்டரி. ஒரு ஷிப்டு முடிந்து இன்னொரு ஷிப்டு உற்பத்தி லைனில் ஏறும்போது, எத்தனை சர்க்யூட் பலகை நல்லது, எத்தனை கழிவு, எந்த மெஷின் மக்கர் பண்ணுகிறது என்று போகிறவர்கள் வருகிறவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முன்பெல்லாம் அது தாளில். அதை உலாவியில் திறக்கிற பக்கமாக நாங்கள் செய்து கொடுத்திருந்தோம். அந்தத் தாளை என் கையாலேயே ஒன்பது வருஷம் நிரப்பியிருக்கிறேன். ஆமாம், அதே ஃபேக்டரியில், நீலச் சட்டை போட்ட ஆபரேட்டராக. அட்டை கிழிந்த ஜாவா புத்தகம் ஒன்று கிளேபாங்கில் பழைய சாமான் விற்கிறவரிடம் கிடைத்தது. என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக் கம்ப்யூட்டரில், அக்கா புருஷன் சீட்டாடி முடிக்கும்வரை காத்திருந்து காத்திருந்து படித்தேன். எந்த வாத்தியாரும் இல்லை. தப்பு வந்தால் திரை திட்டும், நான் திருத்துவேன். லைனில் சூப்பர்வைசர் திட்டுவதற்கு அது எவ்வளவோ மேல், முகத்தில் எச்சில் தெறிக்காது.

சரி, காகிதத்துக்கு வருகிறேன். நாங்கள் எழுதுகிற ஜாவா மனுஷர் படிக்கிற மாதிரி இருக்கும். அதை இயந்திரம் படிக்கிற மாதிரி மாற்ற வேண்டும், அது கம்பைல். மாற்றினதையும் பக்கங்களையும் படங்களையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டும். அப்புறம் ஃபேக்டரி சர்வரை நிறுத்தி, பழசை எடுத்து, மூட்டையை அங்கே வைத்து, மறுபடி ஓட விட வேண்டும். அத்தனையும் கையால். மத்தியானம் ஆரம்பித்தால் காக் டீ நேரம் தாண்டித்தான் எழுந்திருப்பார். வாய்க்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டே செய்வார். ஒருமுறைகூட அவர் கை தப்பினதில்லை. அதனால் வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்கார விட்டதில்லை.

ஒரு தடவை என்னை விட்டார்கள்.

காக் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை பர்ச்சு வைப்பார்கள். பொங்கலுக்கு முந்தின நாள் ஒன்று, பழக் காலத்தில் ஒன்று. காலமாகிப்போன பெரியவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, வரிசையாக இலை போட்டு, பழங்களைப் பரப்பி, பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு முற்றத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பது கணக்கு. அந்தப் பழக்காலப் பர்ச்சுக்குக் காக் லீவு எடுத்திருந்தார். சின்னத் திருத்தம்தானே, காகிதம்தான் இருக்கிறதே என்று நான் உட்கார்ந்தேன். பதினான்கை முடித்தேன், கீழே மில்காரர் ஏதோ கத்தினார், ஜன்னலைப் பார்த்தேன், திரும்பி வந்து பதினாறைச் செய்தேன்.

பதினைந்து: பழைய கம்பைல் கோப்புகளை எல்லாம் அழி.

அழிக்கவில்லை. பழசு ஒன்று மூட்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. பக்கம் திறந்தது, எண்களை வாங்கிக்கொண்டது, ‘நன்றி’ என்றுகூடச் சொன்னது, ஆனால் எதையும் சேமிக்கவில்லை. ஒரு ஷிப்டு முழுக்க இருநூறு பேர் உழைத்ததற்கு ஒரு தடயமும் இல்லை. ஃபேக்டரிக்காரர்கள் எங்கள் தவுக்கேயைக் கூப்பிட்டார்கள், தவுக்கே காக்கைக் கூப்பிட்டார். சாரோங்கும் கொண்டையில் மல்லிகையுமாகக் காக் படியேறி வந்தார். திட்டவில்லை. காகிதத்தில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே வந்து, “பதினஞ்சு எங்க போச்சு டிக்?” என்று மட்டும் கேட்டார்.

அவர் சரி செய்துவிட்டுத் திரும்பிப் போனபோது இலைகளை எடுத்துவிட்டிருந்தார்கள். அவருடைய அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம். “உன் அப்பா சாப்பிட்டுட்டுப் போயிட்டார், நீதான் இல்ல” என்றாராம். அந்த வருஷக் கடைசியில் அந்த அம்மாவும் போய்விட்டார்.

அதனால் அடுத்த பழக்காலப் பர்ச்சு சாதாரணப் பர்ச்சு இல்லை. பொங்கல் பர்ச்சு துக்கத்துக்காக வைக்காமல் விட்டிருந்தார்கள். இத்தனை வருஷம் கூப்பிடுகிற பக்கம் இருந்த அம்மாவை முதல் முறையாகப் பேர் சொல்லிக் கூப்பிடப்போகும் நாள் இது. அம்மாவின் இலையை மூத்த மகளான காக்தான் போட வேண்டும். கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருந்த தம்பிகள் வருவதற்குத் தோதாக, மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின விடுமுறை நாளைக் குறித்தார்கள்.

ஃபேக்டரியும் அதே நாளைக் குறித்தது. காரணம் எளிது: வருஷத்தில் லைன் எல்லாம் மொத்தமாக நிற்கிற நாள் சிலதுதான். புதிய பதிப்பு பெரிசு, லைன் நிற்கும்போதுதான் மாற்றலாம், மறுநாள் காலை ஷிப்டு புதியதில்தான் ஏறும்.

தவுக்கே சங்கடத்தோடுதான் சொன்னார். “காக், நீங்க இல்லாம முடியாது.”

காக் ஒரு துணியை எடுத்தார். தன் கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கம்ப்யூட்டர்.

“நான் செய்றேன் தவுக்கே” என்றேன்.

தவுக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். “தங்கச்சி, நீ பதினஞ்சை முழுங்கின ஆளு.”

“அதனாலதான் சொல்றேன். கையால செய்ய மாட்டேன்.”

“அப்ப காலாலயா?”

எல்லாரும் சிரித்தார்கள். காக் சிரிக்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் முழுக்க நான் ஒரு கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. ஆண்ட் என்று பெயர், இணையத்தில் சும்மாவே கிடைத்தது. ஒரு கோப்பில் என்னென்ன வேலை, எதற்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டால் போதும். ஒரு வார்த்தை தட்டினால் அது துடைக்கும், கம்பைல் பண்ணும், மூட்டை கட்டும், கொண்டுபோய் வைக்கும். விளக்கத்தை சைபர் கஃபேயில் அச்செடுத்து வந்து, முதல் பத்துப் பக்கம் தலைகால் புரியாமல் திருப்பிக்கொண்டிருந்தேன். ‘இது அதைச் சார்ந்தது’ என்று எழுதுகிற ஒரு வரியில் கண் நின்றது. அட, இது லைன்! மூன்றாவது மேசையில் உட்கார்ந்திருக்கிறவள், இரண்டாவது மேசை பச்சை விளக்குப் போடாமல் பலகையைத் தொட மாட்டாள். இரண்டு நின்றால் மூன்றும் நிற்கும், கெட்ட பலகை வெளியே போகாது. ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்திருந்த இடம்தான் அது. அதற்கப்புறம் மீதிப் பக்கங்களை நாவல் மாதிரி படித்தேன்.

தவுக்கே ஒரு நிபந்தனை போட்டார். “ஒரு வாரம். தினம் நான் கோப்பி குடிச்சிட்டு வந்ததும், டெஸ்ட் மெஷின்ல, என் கண்ணு முன்னால. ஒரே ஒரு நாள் தப்பினாலும் காக் வரணும்.”

“சரி தவுக்கே.”

இருபத்தேழு படிகளையும் கோப்பில் ஏற்றினேன். காகிதத்தில் இல்லாத ஒன்றை முன்னால் சேர்த்தேன்: எதையும் தொடுவதற்கு முன், மூட்டையை வைக்க வேண்டிய இடம் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நில். நிற்கும்போது திரையில் ஏதாவது ஒரு வாசகம் காட்ட வேண்டுமே. என்ன எழுதுவது என்று யோசிக்கவே இல்லை. ‘துங்கு டுலு, டிக்’ என்று எழுதினேன்.

முதல் நாள் சரியாக ஓடியது. இரண்டாம் நாளும், மூன்றாம் நாளும். தவுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, “ம்” என்று போய்விடுவார். அவருடைய ‘ம்’ சாதாரணமாகக் கிடைக்காது.

நாலாம் நாள் காலை, அவர் கோப்பிக்குப் போயிருந்த நேரம், ஒத்திகை பார்ப்போமே என்று ஓட்டினேன். கருவி எல்லாம் வெற்றி என்றது. பக்கத்தைத் திறந்தேன். பழைய பக்கம்.

மறுபடி ஓட்டினேன். வெற்றி. பழைய பக்கம்.

காகிதத்தையும் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். காக்கும் வந்து விரல் வைத்துப் படித்தார். “எல்லாம் இருக்கே டிக். பதினஞ்சும் இருக்கு.”

அவர் குரலில் ஏமாற்றம் தெரியக் கூடாது என்று பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை. அப்போது எனக்கு லைன் ஞாபகம் வந்தது. எங்கள் மேசைக்கு மேலே இன்ஜினியர் எழுதின தாள் தொங்கும், ஆறு வேலை என்று. புதுப்பெண் அந்த ஆறையும் அப்படியே செய்வாள், பாதிப் பலகை கழிவாகும். பழைய ஆள் செய்தால் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் பழைய ஆள் ஏழு செய்வாள். பலகையைத் தட்டில் வைக்கும் முன் விளிம்பை லேசாக ஊதுவாள். ஏன் ஊதுகிறாய் என்று கேட்டால், “ஊதுறேனா?” என்பாள். அதனால் புதுப்பெண்ணுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்றுதான்: தாளைப் பார்க்காதே, கையைப் பார்.

“காக், நீங்க ஒரு தடவை கையால செய்யுங்க. பேசாம செய்யுங்க. நான் உங்க கையைப் பார்க்கிறேன்.”

“தவுக்கே வந்துடுவார்.”

“வரட்டும். செய்யுங்க.”

அவர் உட்கார்ந்தார். நான் மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து நின்றேன். பதினான்கு, பதினைந்து, பதினாறு. சர்வரை நிறுத்தினார். பழைய மூட்டையை அழித்தார். அப்புறம் திரையைக்கூடப் பார்க்காமல், இடது கையால் கோப்பியை எடுத்துக்கொண்டே, வலது கையால் வேறு ஒரு கோப்புறையைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் பிடித்து அழித்துவிட்டு, அடுத்த படிக்குப் போனார்.

“நில்லுங்க! அது என்ன?”

“எது?”

“இப்ப அழிச்சீங்களே.”

“நான் எதை அழிச்சேன்?”

“காக்! இப்பத்தான்! கோப்பி குடிச்சிக்கிட்டே!”

தன் கையையே உற்றுப் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல. “அதுவா… அது எப்பவும் செய்றதுதானே.”

“காகிதத்துல இல்லையே!”

“காலைல பல்லு விளக்கணும்னு யாராவது காகிதத்துல எழுதி ஒட்டுவாங்களா?”

நான் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கீழேயிருந்து மில்காரர், “மேல என்னம்மா ஆச்சு?” என்று கேட்கிற அளவுக்கு.

விஷயம் இதுதான். நாம் கொடுக்கிற பக்கத்தை சர்வர் ஒருமுறை சமைத்து, சமைத்ததை ஓர் ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை யாராவது கேட்டால் அந்தச் சட்டியிலிருந்தே பரிமாறும். புதுப் பக்கம் வந்தால் தேதியைப் பார்க்கும். புதுசின் தேதி பிந்தினதாக இருந்தால்தான் மறுபடி சமைக்கும். முதல் மூன்று நாளும் பக்கங்களைத் திருத்தினது நான், தேதி சரி. நாலாம் நாள் பக்கத்தைத் தவுக்கே தன் மடிக்கணினியில் திருத்தியிருந்தார். அதன் கடிகாரம் ஒரு மாசம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆக, புதுப் பக்கம் பழைய சோற்றைவிடப் பழசு என்று சர்வர் முடிவு பண்ணிவிட்டது. காக்கின் கை பல வருஷமாக அந்தச் சட்டியைக் கழுவிக் கழுவி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவருக்கே தெரியாமல்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஓட்டினேன். புதுப் பக்கம் பளிச்சென்று வந்தது.

காக் நீலப் பேனாவை எடுத்தார். காகிதத்தில் இருபத்தேழுக்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில், நிதானமாக, குண்டு எழுத்தில், ‘28. பல் விளக்கு’ என்று எழுதினார்.

தவுக்கே படியேறி வந்து பார்த்தார், “ம்” என்றார். “தவுக்கே, உங்க கம்ப்யூட்டர்ல இன்னும் போன மாசம்தான் நடக்குது” என்றேன். அவசரமாகப் போய்க் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்.

வாரக் கடைசியில் ஒப்புக்கொண்டார், ஆனால் முழு மனசாக இல்லை. “காக், போனைத் திறந்து வச்சிருங்க. பதினொண்ணுக்கு ஆரம்பிக்கிறோம். கால் மணி நேரத்துல ஆகலைன்னா கூப்பிடுவேன்.”

“பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்துவோம்” என்றார் காக். “அதுக்கு முன்னால கூப்பிட்டா வர்றேன்.”

அவ்வளவு அமைதியாகச் சொன்னார்.

அன்றைக்குத் தவுக்கேயின் வேனில் பத்து பெரெண்டாம் போனோம். வழியெல்லாம் கடைகளில் கொடி, கார்களில் கொடி, ஃபேக்டரி வாசலில் ஆளுயரக் கொடி. ஒன்பது வருஷம் நான் பின் கேட்டு வழியாக, பையைத் திறந்து காட்டிவிட்டுப் போன இடம். முன் கதவு எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக் கதவு, கிட்டே போனால் தானே திறந்தது. உள்ளே கம்ப்யூட்டர் பிரிவு அண்ணன் காத்திருந்தார். நான் லைனில் இருந்த காலத்தில் அவர் மெஷின் பழுது பார்க்கிறவர்.

“என்னம்மா, பின் கேட்டு வழியா போனவ முன் கேட்டு வழியா வர்றே?”

“சுத்தி வர இவ்வளவு நாள் ஆச்சுண்ணே.”

“பெரிய கட்டடம்தான், ஒத்துக்கிறேன்” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே சர்வர் அறையைத் திறந்தார்.

குளிர் எலும்பில் இறங்கியது. சிடியைப் போட்டு எங்கள் கோப்புகளை இறக்கினேன். தவுக்கே பின்னால் நின்றார், கையில் போன், திரையில் காக்கின் எண். எனக்குத் தெரிகிற மாதிரியே பிடித்திருந்தார். மணி பதினொன்று அடித்ததும் கட்டளையைத் தட்டினேன்.

வரிகள் இரண்டு ஓடின. நின்றன. கொட்டை எழுத்தில், தோல்வி என்று வந்தது.

“ஐயா!” என்றார் தவுக்கே. கட்டைவிரல் போனில் இறங்கப் பார்த்தது.

“கூப்பிடாதீங்க! ஒரு நிமிஷம்!”

“உடைஞ்சுடுச்சு தங்கச்சி!”

“உடையல தவுக்கே, படிங்க! என்ன எழுதியிருக்குன்னு படிங்க!”

அவர் குனிந்து படித்தார். ‘துங்கு டுலு, டிக்.’ ஒரு கணம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “இது காக் சொல்றதாச்சே.”

“முதல் மேசைலேயே நின்னுடுச்சு. வைக்கிற இடத்தைக் காணோம்னு சொல்லுது. இன்னும் எதையும் தொடல. பாருங்க.” பக்கத்து கம்ப்யூட்டரில் பழைய பக்கத்தைத் திறந்து காட்டினேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையால் செய்திருந்தால் இந்நேரம் சர்வரை நிறுத்திவிட்டு, பழசு எங்கே, புதுசை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டு நின்றிருப்போம்.

அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அடடா, போன வாரம் டிஸ்க் மாத்தினோம்மா. இப்ப சி டிரைவ் இல்ல, டி டிரைவ். சொல்ல மறந்துட்டேன்.”

இடத்தின் பேரை எல்லாம் தனியாக ஒரே ஒரு வரியில்தான் வைத்திருந்தேன். ஓர் எழுத்தை அழித்தேன், ஓர் எழுத்தைப் போட்டேன். சேமித்தேன். கட்டளை.

துடைத்தது. கம்பைல் பண்ணியது. மூட்டை கட்டியது. சர்வரை நிறுத்தியது, பழசை எடுத்தது, சட்டியைக் கழுவியது, புதுசை வைத்தது, ஓட விட்டது. வரிகள் மேலே மேலே ஏறிக்கொண்டே இருந்தன. லைனில் எல்லா மேசையிலும் வரிசையாகப் பச்சை விளக்கு விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி. கடைசியில்: வெற்றி. ஆன நேரம், நாற்பத்தொரு வினாடி.

அண்ணன் பக்கத்தைத் திறந்தார், புதுசு. ஒரு லைனுக்குப் பொய்யாக எண் போட்டுச் சேமித்தார், மூடினார், திறந்தார். எண் அங்கேயே உட்கார்ந்திருந்தது. காக் மூச்சு விடச் சொல்கிற இடம் இதுதான். நான் விட்டேன்.

“எங்க, இன்னொரு தடவை போடு” என்றார் தவுக்கே.

“ஏன், என்ன தப்பு?”

“தப்பு ஒண்ணுமில்ல. பார்க்கணும்.”

போட்டேன். நாற்பது வினாடி. இன்னொரு தடவையும் கேட்டார், குழந்தை பட்டாசு கேட்கிற மாதிரி. மூன்றாவது தடவை வெற்றி என்று வந்ததும், அந்தக் குளிர் அறையில் எங்கள் தவுக்கே கை தட்டினார். அண்ணனும் தட்டினார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த அறையின் கூரை வரைக்கும் எழும்பிவிட்ட மாதிரியும் இருந்தது. தவுக்கே போனை மூடிச் சட்டைப் பையில் போட்டு, பையைத் தட்டி வேறு வைத்துக்கொண்டார். மணி பதினொன்று இருபதுகூட ஆகவில்லை.

“காக்குக்குச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் தவுக்கே. போன் அடிச்சாலே அவங்களுக்குத் திக்குங்கும். நான் நேர்ல போறேன்.”

ஆவணத்தில் கையெழுத்து, அண்ணன் வாங்கிக்கொடுத்த டீ, சாலையெல்லாம் விடுமுறைக் கூட்டம் என்று நான் காஜா பெராங் வந்து இறங்கும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. காக் வீட்டு முற்றத்தில் ஏழெட்டு நாற்காலிகளில் எல்லாரும் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது. இடுக்கு வழியாகச் சாம்பிராணி வந்துகொண்டிருந்தது. காக் கதவுக்கு மிக அருகில், அம்மா போன வருஷம் உட்கார்ந்திருந்த இடத்தில், கெபாயா சட்டையும் மல்லிகையுமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்தது. பேசக் கூடாது. நான் கேட்டருகே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் நாலு விரலையும், ஒரு விரலையும். நாற்பத்தொன்று. அவருக்கு அது என்ன புரிந்ததோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெரிய தம்பி எழுந்து மூன்று தடவை கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் டுரியானும் மணத்தன. இலைகள் வரிசையாக இருந்தன. ஓர் இலை மட்டும் புதிதாக, ஓரத்தில். கோழிக்குழம்பு, சம்பால், வெற்றிலை, ஒரு கண்ணாடிக் குவளையில் ஆரஞ்சுப் பானம். “அம்மாவுக்கு அது இல்லாம சோறு இறங்காது” என்றார் காக்.

இலையைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். “இலை போடும்போது என் கையைப் பார்த்தேன் டிக், நீ பார்த்த மாதிரி. ஒவ்வொரு இலையும் வச்சதும் ஓரத்தை மூணு தடவை தட்டுறேன். யாரும் சொல்லித் தரலை. அம்மா அப்படித்தான் தட்டும்.”

அந்த இலையிலிருந்து ஒரு மங்குஸ்தீனை எடுத்து உடைத்து, வெள்ளைச் சுளையை எனக்கு ஊட்டிவிட்டார். என் கண்ணில் நீர் வந்ததற்குச் சாம்பிராணியைக் குற்றம் சொன்னேன்.

“காலைலேர்ந்து போனையே பார்த்துக்கிட்டு இருந்திருப்பீங்க, இல்ல?” என்றேன். “தவுக்கே ஒரு தடவை கூப்பிடவே பார்த்தார். நான்தான் தடுத்தேன்.”

காக் என்னை விசித்திரமாகப் பார்த்தார். எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். அரிசித் தவலையின் மூடியைத் திறந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவி, போனை வெளியே எடுத்து, அரிசியைத் தட்டிவிட்டார்.

“பத்து மணிக்கே உள்ள போட்டுட்டேன் டிக்” என்றார். “அடிச்சிருந்தா அரிசிக்குத்தான் கேட்டிருக்கும்.”